திலகம் பிடித்து வைத்த இடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. எண்பத்தேழாம் வருஷம், செரண்டாவுக்கும் ரவாங்குக்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில்.

எனக்கும் மேல் டிவிசன் திலகத்துக்கும் ரவாங் தொழிற்சாலையில் வேலை. போய்வர இருந்தது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடிய லோக்கல் ரயில் ஒன்றுதான். எங்கள் நிறுத்தத்தில் மேடை கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி நின்று டார்ச் லைட்டை ஆட்டினால் ரயில் நிற்கும். திலகம் முந்தின நிறுத்தமான மேல் டிவிசனிலேயே ஏறி, பக்கத்தில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

லோக்கலை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மூன்று நாள் போகாவிட்டால் தொழிற்சாலையில் பேரை வெட்டிவிடுவார்கள். அப்புறம் பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திலகம் என் அப்பாவையே கேட்டாள். அப்பாதான் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

"மாமா, நாளைக்கு ரயிலு உண்டா?"

"உண்டு லா. நிக்கும், போ."

மறுநாள் இன்னும் விடியவில்லை. வேலையாட்களைக் கணக்கெடுக்கக் கூப்பிடும் ஐந்தே முக்கால் பெரட்டு மணி அடித்து ஓய்ந்தது. தனியாக நின்றேன். ரயில் வந்தது. நான் டார்ச்சை எடுக்கக்கூட இல்லை... அதுவாகவே நின்றது.

பிரேக் சத்தம் கேட்கவில்லை.

ஏறினேன். பெட்டியில் விளக்கில்லை. மற்ற நாளில் ஒரே கூச்சலாக இருக்கும். அன்று திலகம் மட்டும் ஜன்னலோரம். பக்கத்தில் துண்டு.

"ஏன்டி, யாரையும் காணோம்?"

அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக... இப்படியும் அப்படியும்...

ரயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த ரயிலை நிறுத்துகிறாள்?

துண்டை எடுத்தேன். சொட்டச் சொட்ட ஈரம்.

"மாமா சொன்னாரு... நிக்கும்னு சொன்னாரு..."

குதித்தேன். சரளைக்கல்லில் விழுந்தேன்.

திரும்பினால்...

ரயில் இல்லை.

அங்கேயே மயங்கிவிட்டேன். வெளுத்த பிறகு என்னை எழுப்பியது வீரன் அண்ணன். ரயில் பாதையில் வேலை செய்பவர்.

"நீயுமா ரயிலுக்கு நின்ன? லோக்கல நேத்தோட நிப்பாட்டிட்டாங்களே! வெள்ளிக்கிழமையே ஒங்கப்பாகிட்ட சொன்னேன், லயத்து வீடுங்கள்ல சொல்லச் சொல்லி!"

பிறகுதான் திலகத்தைப் பற்றிச் சொன்னார். வந்தது எக்ஸ்பிரஸ். அவள் லோக்கல் என்று நம்பி, தண்டவாளத்தை ஒட்டி நின்று டார்ச்சை ஆட்டியிருக்கிறாள். அது நிற்காமல் அவளை அடித்துப் போட்டுவிட்டது.

அப்பா யாரிடமும் சொல்லவில்லை. பால்வெட்டுக்கு ஆள் போதவில்லை. மூன்று நாள் ரயிலுக்கு நின்று ஏமாந்தால் பெண்கள் தானாக ரப்பர் காட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். பெற்ற அப்பா! இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் கண்டது திலகத்தின் ஆவி என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கருமாதியன்று வீரன் அண்ணன் வாய் திறக்கும் வரை. எக்ஸ்பிரஸ் மேல் டிவிசனைத் தாண்டியது ஆறு பத்துக்காம்.

நான் அவளைப் பார்த்தது ஐந்தே முக்காலுக்கு.

அப்போது திலகம் உயிரோடு நின்று ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.