மாதா காலடியில் ஆதார் அட்டை

எங்கள் கடற்கரையில், பயணம் போகிறவரின் தாள்களை முந்தின நாள் ஜெபத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்போம். என் ஆதார் அட்டையையும் கணவர் அப்படித்தான் வைத்தார். அதை எடுக்க மறந்து, தூத்துக்குடி விமான நிலைய வாசலில் போய் நின்றேன்.

சென்னையில் மகளுக்கு அன்று பிரசவ ஆபரேஷன். செல்போனில் இருந்த அட்டையின் படத்தைக் காட்டினேன். துப்பாக்கியோடு நின்ற காவலர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே இருந்த டிக்கெட் கவுண்டருக்கு ஓடினேன்.

டிக்கெட் கவுண்டர் பெண் என் போனை வாங்கி, "ஆதார் ஆப்ல கார்டை எடுத்திரலாம்மா. ஆதார்ல கொடுத்த நம்பருக்கு ஓடிபி வரும்" என்றாள். அது கணவரின் நம்பர். அவரோ கடலில்.

அவளுடைய போனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சிக்னலே இல்லை. மகளின் முகம் கண்முன் வந்து வந்து போனது. கடைசியில் ஒருவழியாக எடுத்தார். அந்தப் பெண் ஓடிபியை மறுபடி அனுப்பினாள்.

"நம்பர் வந்திருக்கா? சீக்கிரம் சொல்லுங்க!" என்று அவசரப்படுத்தினேன்.

என்ஜின் இரைச்சலுக்கு நடுவே கேட்டார்: "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுல்லா போட்டிருக்கு? நீங்க யாரு பேசுதது?"

பயமெல்லாம் ஆத்திரமாகப் பொத்துக்கொண்டு வந்தது. "என் கார்டை மாதா காலடியில வச்சது யாரு? நீங்கதான!" என்று கத்தினேன்.

அதன் பிறகுதான் ஆறு எண்களையும் சொன்னார். ஆப்பில் ஆதார் திறந்தது. காவலர் திரையைப் பார்த்து வழிவிட்டார். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவரிடம் நான் யார் என்று நிரூபித்த பிறகுதான் அன்று உள்ளே போக முடிந்தது.