காலி என்று குறித்த இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இது பவுலினுக்கு நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம், நாய், நிழல் என்று எதையாவது சொல்லி மழுப்பலாம். நடந்தது பட்டப்பகலில். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் உப்பளத்தில். நிழல் என்று சொல்ல ஒரு முள்மரம்கூட இல்லாத இடத்தில்.

பவுலின் பெரிய முதலியார்சாவடிக்காரி. அம்மா இன்னாசிமேரி ஆரோவில் கட்டடங்களில் சித்தாள். கலவை சுமந்து சுமந்து உச்சந்தலை முடி தேய்ந்துபோன பொம்பளை. மகள் சென்னையில் நகரமைப்பு படிக்கிறாள், நான்காம் வருடம். வெயிலில் நிற்காத வேலை வேண்டும், அதற்காகத்தான் படிக்க வந்தாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

ஏழாவது செமஸ்டர் ஆளைத் தின்றுவிடும். ஸ்டுடியோ என்கிற செய்முறைப் பாடத்துக்கு மட்டும் பதினேழு வரைபடங்கள். அது போக போக்குவரத்துக்கு ஓர் அறிக்கை, சட்டத்துக்கு ஒரு தேர்வு. குளிக்க நேரம் கிடைத்தால் சாப்பிட நேரம் இருக்காது. ஸ்டுடியோவில் தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஜூனியர்களோடு உட்கார வேண்டும், கேம்பஸில் கிடைத்திருக்கும் வேலையும் போகும். வெள்ளிக்கிழமை ஜூரி. வெளியிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்து கிழிப்பார்கள்.

பவுலினுக்கும் கூடப் படிக்கும் தமிழ்வேந்தனுக்கும் சேர்த்து சர்வேக்கு விழுந்த பகுதி மரக்காணம் உப்பளக் கரை.

சர்வே என்றால் ஒவ்வொரு இடமாக நடந்துபோய், பார்த்து, ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். வீடு என்றால் எண் ஒன்று. கடை என்றால் இரண்டு. காலி என்றால் ஒன்பது. வீடாக இருந்தால் கூரை என்ன, எத்தனை பேர் என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் வீட்டுக்காரரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஒன்பது போட்டால் எதுவும் வேண்டாம். கட்டம் வெறுமையாகவே இருக்கலாம். அதனால் கால் வலிக்க ஆரம்பித்ததும் எல்லோர் கையும் ஒன்பதுக்குத்தான் போகும்.

பவுலின் கையும் அதற்குப் பழகியதுதான். இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு கன்சல்டன்ட் ஆபீசில் இருபது நாள் இருந்தாள். ஏசி அறை. சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு ஃபாரம். எந்த ஊர் என்று தலைப்பைக்கூடப் பார்த்ததில்லை. அவள் போடும் ஒன்பதுக்கு வளைவே இருக்காது. ஒரு வட்டம், கீழே நேராக ஒரு குச்சி.

"இன்னாடி இது, குச்சி மிட்டாய் வரைஞ்சு வெச்சிருக்க?" என்று வேந்தன் எப்போதும் ஓட்டுவான்.

கடைசியாக மிச்சம் இருந்தது பதினாலாம் தாளில் ஆறாவது இடம். உப்புப் பாத்திகளுக்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவே ஓடும் ஒரு மேட்டுப் பட்டை. பழைய சாட்டிலைட் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். மணி பன்னிரண்டு. வெளியே தார் ரோடு கொதித்தது.

"அது இன்னாடா புள்ளி?"

"தார்ப்பாயா இருக்கும். பழைய ரிப்போர்ட்லயும் காலின்னுதான் இருக்குது. ஒம்போது போடு. நம்ம பிளான்ல ரிசார்ட்டே அங்கதான் வருது, அது காலியா இருந்தே ஆகணும்."

பழைய ரிப்போர்ட் என்பது யாரோ ஒரு கன்சல்டன்ட் தயாரித்து, கல்லூரி நூலகத்தில் கிடக்கும் ஒரு தடிப் புத்தகம். அடிப்படை வரைபடத்தை யாரும் புதிதாக வரைவதில்லை. அதிலிருந்து நகல் எடுப்பதுதான் எல்லா பேட்ச்சுக்கும் வழக்கம்.

பவுலின் குச்சி மிட்டாய் ஒன்றைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை. சென்னையில், ஸ்டுடியோவில். ஃபாரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். 14/6 கைக்கு வந்தது. தாள் ஈரமாக இருந்தது. மேலும் கீழும் இருந்த தாள்கள் காய்ந்த சருகாக இருந்தன. அது மட்டும் ஈரம்.

கையெழுத்துக் கட்டத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மை இல்லை. வெள்ளையாக, பொருபொருவென்று.

துடைத்தாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கட்டத்தில் மறுபடியும் ரேகை. சுவர்க் கடிகாரத்தில் 12.10.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு பஸ் பிடித்தாள். வேந்தன் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தான். "ஜூரிக்கு ரெண்டு நாள் இருக்கு. இப்போ போய் காலி இடத்தைப் பாக்கணுமாம். உனக்கு மரை கழண்டுச்சா?"

உப்பளத்தில் இறங்கும்போது மணி 11.40. உப்பு வாருகிறவர்கள் இருட்டோடு வந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பாத்திகளில் ஒரு தலை இல்லை. மேஸ்திரி அய்யனார் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார்.

"ஏம்மா, எங்க போறீங்க?"

"அந்தக் கடைசி மேட்டுக்குண்ணா."

அவர் மேட்டைப் பார்க்கவில்லை. தன் கால்களைப் பார்த்தார். "ஒரு மணிக்கு மேல போங்க. இப்ப வாணாம்."

"அதுக்குள்ள எங்க பஸ்ஸு பூடும்," என்றான் வேந்தன்.

வரப்பின் மேல் நடந்தார்கள். இரண்டு பக்கமும் உப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை. காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

11.58. ஒரு சத்தம்.

சர்ர்ர்ரக்...

உப்பு வாரும் பலகையைத் தரையோடு இழுக்கும் சத்தம். பவுலின் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

சர்ர்ர்ரக்...

வலப்பக்கத்துப் பாத்தியில் உப்பு பூத்து, பால் ஏடு மாதிரிச் சமமாகக் கிடந்தது. நடுவில் காலடித் தடங்கள். வெறுங்கால். வெடிப்பு விழுந்த குதிகால். நடுப்பாத்தியில் தொடங்கி, மேட்டை நோக்கிப் போயின. அந்த நடுவுக்கு யாரும் வந்து சேர்ந்த தடம் இல்லை.

"வேந்தா... இதைப் பாருடா."

"எதை? வா சீக்கிரம், மண்டை காயுது."

மேட்டுக்கு வந்தார்கள். ஒரு மண்குவியல். அதில் செருகி நிறுத்திய பழைய வாருபலகை ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"பாத்தியா? காலி!" வேந்தன் கைதட்டிச் சிரித்தான். போட்டோ எடுக்கத் தள்ளிப் போனான்.

12.10.

"உள்ள ஆள் இருக்குது."

பெண் குரல். குவியலுக்குப் பின்னாலிருந்து. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து சொல்வது மாதிரி, சாதாரணமாக.

பவுலின் எட்டிப் பார்த்தாள். ஒருத்தி குந்தியிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. சாயம் போன புடவை. தலைமுடியெல்லாம் உப்பு. முதுகெல்லாம் உப்பு.

திரும்பவில்லை.

"இந்தத் தடவையாவது வந்தியே."

பவுலின் பையிலிருந்து 14/6 ஃபாரத்தை எடுத்தாள்.

"எழுது. பேரு பாஞ்சாலை. கீத்துக் கூரை. ஒரு ஆளு."

கை தானாக எழுதியது. 9 என்பதை அடித்தது. 1 என்று போட்டது.

திரும்பாமலே பின்பக்கமாக நீண்டு வந்தது அவள் கை. உப்பில் ஊறி, தோல் வெளுத்துச் சுருங்கிய கை. பெருவிரல் கட்டத்தில் பதிந்தது. தாள் குளிர்ந்தது. அந்த வெயிலில்... பனிக்கட்டி மாதிரி.

"மறுபடியும் அழிச்சா... சும்மா வுடமாட்டேன்."

"ஏய், யார்கிட்டடி பேசுற?"

வேந்தன் நின்றிருந்தான். குவியலுக்குப் பின்னால் யாரும் இல்லை. பவுலின் ஃபாரத்தை நீட்டினாள். அவன் கட்டத்தைப் பார்த்தான். "ஒண்ணுமே இல்லியே. வெயில் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு." செருகியிருந்த பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு நடந்தான்.

பலகை விழுந்தது. சத்தமே வரவில்லை.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து பவுலின் வரைபடத்தைத் திருத்தினாள். அந்த மேட்டில் ஒரு மஞ்சள் கட்டம் வைத்தாள். மஞ்சள் என்றால் வீடு. வேந்தன் கத்தினான். "அங்க வீடுன்னா ரிசார்ட்டை எங்கடி வெக்கிறது? ரெண்டு பேருக்கும் ஊத்திக்கும்!"

"ஊத்திக்கட்டும். கையை வெச்சே, கொன்னுடுவேன்."

வெள்ளிக்கிழமை. ஜூரி. இவர்கள் முறை வரும்போது மணி 12.05. திரையில் வரைபடம் விழுந்தது. பவுலின் பார்த்தாள்.

மஞ்சள் கட்டம் இல்லை. மேடு முழுக்கச் சாம்பல் நிறம். காலி.

வேந்தன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. லேசர் விளக்கை மேட்டின் மேல் வைத்தான். "இந்த இடம் முழுக்கக் காலி. நேர்ல போய்ப் பார்த்துட்டோம். இங்க யாரும்..."

நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். துப்பினான்.

"உப்பு... இன்னா இது, உப்புக் கரிக்குது..."

பக்கத்துப் பாட்டிலைப் பிடுங்கினான். அதையும் துப்பினான். உதடு வெளுத்தது. வெடித்தது. வாயோரத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியது.

சர்ர்ர்ரக்...

அந்தச் சத்தம் ஜூரி ஆட்களுக்கும் கேட்டது. ஒருவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

பவுலின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

12.10.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு கடல் தண்ணி குடிச்சான்?" ரத்தத்தில் உப்பு அந்த அளவுக்கு ஏறியிருந்தது. காலையிலிருந்து அவன் குடித்தது ஒரே ஒரு டீ. ஆள் பிழைத்துவிட்டான். நாக்கு பிழைக்கவில்லை. இன்றுவரை ஒரு வார்த்தை பேச வரவில்லை.

திங்கட்கிழமை பவுலின் மட்டும் மரக்காணம் போனாள். பேரைச் சொன்னதும் அய்யனார் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"பாஞ்சாலை ஒண்டி ஆளு. அந்த மேட்டுலதான் குடிசை போட்டு இருந்தா. போன வருஷம் வைகாசில கம்பெனிக்காரன் பொக்லைன் கொண்டாந்தான். காலைல உப்பு வாரிட்டு வந்து உள்ள படுத்து தூங்குறா. 'உள்ள ஆள் இருக்குது, உள்ள ஆள் இருக்குது'ன்னு நாங்க கத்துறோம். அவன் பேப்பரைக் காட்டுறான். காலி இடம்னு சர்வேல போட்டிருக்குதாம். ஆளோட சேத்து குடிசையை இடிச்சுத் தள்ளிட்டாம்மா. மத்தியானம்... பன்னண்டு மணி தாண்டி ஒரு பத்து நிமிசம் இருக்கும்."

"எந்த சர்வேண்ணா?"

"அதுக்கு முந்தின வருஷம் எடுத்தாங்களாம். ஒருத்தனும் இங்க வந்து நாங்க பாக்கல."

செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்ததும் பவுலின் முதல் ஆளாகப் போனாள். பழைய ரிப்போர்ட்டை எடுத்தாள். பின்னிணைப்பில் ஃபாரங்களின் நகல். அந்த மேட்டுக்கான பக்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

கையெழுத்துக் கட்டம் வெறுமை.

நிலப் பயன்பாடு என்ற இடத்தில் ஓர் ஒன்பது. ஒரு வட்டம். கீழே நேராக ஒரு குச்சி.

குச்சி மிட்டாய்.

புதன்கிழமை. ஜூரி முடிந்த வாரம் என்பதால் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். பவுலினுக்கு அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஹாஸ்டல் அறையிலேயே கிடந்தாள். கண் அசந்துவிட்டது.

வெளியே 'க்ளக்' என்று பூட்டுச் சத்தம்.

கண் விழித்தாள். கதவிடுக்கில் வெள்ளைப் புகை நுழைந்துகொண்டிருந்தது. பூச்சி மருந்து. காலி அறைகளுக்கு அடிக்கிற மருந்து.

ஜன்னல் பிடியை இழுத்தாள். அசையவில்லை. பிடி முழுக்க உப்பு பொரிந்து இறுகியிருந்தது.

இருமினாள். மூச்சு முட்டியது.

சர்ர்ர்ரக்... கதவுக்கு அந்தப் பக்கம்.

கதவை உதைத்தாள். அறைந்தாள். குரல் உடைந்து வெளியே வந்தது.

"உள்ள ஆள் இருக்குது! உள்ள ஆள் இருக்குது!"

எவ்வளவு நேரம் கத்தினாள் என்று தெரியாது. கதவு திறந்தது. ஹாஸ்டல் ஆயம்மா கமலாம்பாள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அய்யோ, நீ உள்ள கீறியாம்மா? ரூம்ல இருக்கிறவங்க லிஸ்ட்டுல உன் பேரை அடிச்சு வெச்சிருந்துச்சே! காலையில வார்டன் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்த மாதிரி..."

பவுலின் லிஸ்ட்டைப் பிடுங்கினாள். அவள் பேர் மேல் ஒரு கோடு. பக்கத்தில் ஓர் எண்.

ஒரு வட்டம். நேராக ஒரு குச்சி.

அதன் கீழே உப்பில் ஒரு கைநாட்டு. ஈரம் காயவில்லை.