மண்டி வாசலில் நின்ற பந்தயம்

சென்ற ஞாயிறன்று என் தம்பி மகள் டி.வி.யில் ஒரு பந்தயம் காட்டினாள். எங்கோ ஒரு பனி நாட்டில் நாய்கள் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் ஓடுகின்றன. முதன்முறையாகக் கலந்துகொண்ட ஒரு பெண்ணின் நாய்கள் பாதி வழியில் பனிமேல் உட்கார்ந்துவிட்டன. அவள் அதட்டவில்லை... தானும் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள்.

"ரெண்டு அடி போட்டு ஓட்ட வேண்டியதுதானே அத்தை?" என்றாள் இவள்.

எனக்கு வெள்ளையன் நினைவுக்கு வந்தார்.

எழுபதுகளின் இறுதியில் நான் ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எதிர்வீட்டுக்காரர் வெள்ளையன். அவருடைய எருதுகள் இரண்டு — செவலை, மயிலை. வாரந்தவறாமல் ஆலங்காயம் மண்டிக்குப் புளி மூட்டை இழுத்தவை. செவலைக்கு வயதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றார் அவருடைய அண்ணன் பெரியசாமி. கிழட்டு எருதைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று வெள்ளையன் மறுத்தார்.

"தெம்பு இருக்குதுன்றியே, வண்டிப் பந்தயத்துல ஓடிக் காட்டட்டும். முழுசா ஓடி முடிச்சா வூட்லயே இருக்கட்டும். இல்லாங்காட்டி மறுநாளே சந்தை" என்றார் அண்ணன்.

அடிவாரத்தில் புறப்பட்டு, ஆலங்காயத்தில் கொடியைச் சுற்றித் திரும்பும் நெடும்பந்தயம் அது. அதுவரை வேடிக்கை மட்டுமே பார்த்திருந்த வெள்ளையன் பெயர் கொடுத்தார்.

ஆலங்காயத்தில், புளி மண்டிக்கு எதிரே, நானும் அவர் மனைவி குப்பம்மாவும் காத்திருந்தோம். செவலை மூன்றாவதாகக் கொடியைச் சுற்றியது. மண்டி வாசல் வந்தது — எருதுகள் நின்றன. நின்றேவிட்டன.

வெள்ளையன் கெஞ்சினார். சாட்டை கையில் இருந்தது; ஓங்கவில்லை. இரண்டு வண்டிகள் கடந்து போயின. அவற்றில் ஒன்றை ஓட்டியவன் கத்திக்கொண்டே போனான்.

"இன்னா வெள்ளையா, புளி எறக்க வந்தியா?"

கூட்டம் சிரித்தது. குப்பம்மா சிரிக்கவில்லை.

"யோவ், அந்தாளு சொல்றது சரிதான்யா. மூட்டைய எறக்கு."

"காலி வண்டிமே. இன்னாத்த எறக்கறது?"

"குந்திக்கினு இருக்கியே, அந்த வைக்கோல் மூட்டைய."

வெள்ளையன் குதித்திறங்கி, தாம் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தூக்கித் தரையில் போட்டார். தொப்பென்று ஓசை. செவலையின் காது அசைந்தது. சரக்கு இறக்கியாயிற்று; இனி வீடுதானே? இரண்டும் பாய்ந்த பாய்ச்சலில், வெள்ளையன் வண்டியின் பின்கட்டையைப் பிடித்து ஏறியதே பெரும்பாடு.

நாங்கள் பஸ்ஸில் பின்தொடர்ந்தோம். மூட்டை குப்பம்மாவின் மடியில். வழியெல்லாம் ஒரே கேள்வி — "போய்ச் சேர்ந்திருக்குங்களா டீச்சர்?"

அடிவாரத்தில் இறங்கினோம். செவலையின் கால்களுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். வெள்ளையன் அல்ல... பெரியசாமி.

"நாலாவது" என்றார், எங்களைப் பாராமல்.

மூட்டையை இடுப்பில் இடுக்கியபடியே குப்பம்மா கேட்டாள். "நாளைக்கு சந்தைக்குப் போறீங்களா மாமா?"

"போறேன். இதுக்குக் கழுத்துமணி வாங்கணும். பழசு ஒடஞ்சி கெடக்குது."

குப்பம்மா அப்போதுதான் மூட்டையைக் கீழே இறக்கினாள்.

பாரம் இறங்கிவிட்டது என்று சொல்லும் அந்தத் தொப்பென்ற ஓசை, எருதுகளுக்கு மட்டும் தேவைப்படுவதன்று.