கேட்டுக்கு வெளியே சோறு

கிள்ளான் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் நான் ஒரு கறுப்பு நாயை லோரியில் ஏற்றுகிற வீடியோ இன்னும் சிலருடைய ஃபோனில் இருக்கிறது. அதன் கீழே ‘கொலைகாரன்’ என்று எழுதியிருந்தார்கள். என் மகளுக்கே யாரோ அனுப்பி, “இது உங்கப்பாதானே?” என்று கேட்டிருக்கிறார்கள். நானேதான். நகராண்மைக் கழகத்தின் தெருநாய் பிடிக்கும் லோரியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். இனி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் தாமானில் புதிதாக வீடு வாங்குகிறவர்களும் அந்த வீடியோவில் இல்லாததைத் தெரிந்துகொள்ளட்டும்.

1. புகார்

நாங்களாக எந்தத் தெருவுக்குள்ளும் போகமாட்டோம். யாராவது ஃபோன் செய்து நாய் தொல்லை என்று சொன்னால்தான் லோரி கிளம்பும். போய் இறங்கினால் தெருவில் ஒரே அன்பு வெள்ளம். “ஐயோ பாவம், வாயில்லா ஜீவன். யாரு உங்களக் கூப்பிட்டா?” என்பார்கள். கூப்பிட்ட ஆளும் அந்தக் கூட்டத்தில் நின்று ‘பாவம், பாவம்’ என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

நான் சொல்லும் தாமானில் பிளாக்கி என்று ஒரு நாய் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடுகள் உள்ள தெரு. காலையில் ஒரு வீட்டு இட்லி, மதியம் அடுத்த வீட்டுக் கோழி எலும்பு, சாயங்காலம் எதிர் வீட்டில் மிஞ்சிய மீ கோரிங் நூடுல்ஸ். எல்லாமே கேட்டுக்கு வெளியே, பழைய பேப்பரில். உள்ளே விட்டால் டைல்ஸ் அழுக்காகிவிடும் அல்லவா? எல்லா வீட்டுச் சோற்றையும் தின்ற நாய், தெருவே தன்னுடையது என்று நினைத்துவிட்டது. நினைக்காமல் என்ன செய்யும்? சைக்கிளில் வந்த ஒரு பையனைத் துரத்தியது. அவன் கால்வாயில் விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

பையனுடைய அப்பா சேகர்தான் எங்களுக்கு ஃபோன் செய்தார். ஒளிந்துகொள்ளாமல் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பிள்ளை கையில் மாவுக்கட்டோடு நிற்கும்போது எந்த அப்பா சும்மா இருப்பார்?

2. பட்டை

லோரி தெரு முனையில் திரும்புவதற்குள் வாட்ஸாப் குழுவில் செய்தி போய்விடும். கழுத்தில் பட்டையும் லைசென்ஸ் பேட்ஜும் இருக்கிற நாயை நாங்கள் தொடுவதில்லை. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தெருவில் சாரதா அக்கா என்று ஒருவர், ஓய்வு பெற்ற நர்ஸ், தனியாக இருந்தார். அவர் ராணி என்ற பழுப்பு நாயை முறையாக லைசென்ஸ் எடுத்து வளர்த்தார். வாட்ஸாப்பைப் பார்த்ததும் பதறிப்போய், ராணியின் பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து பிளாக்கியின் கழுத்தில் மாட்டிவிட்டார். நான் இறங்கும்போது மூச்சு வாங்க நின்றார்.

“இது நம்ம நாய் லா தம்பி. பேட்ஜ் பாருங்க.”

“நம்ம நாய்னா கேட்டுக்குள்ள வைங்கக்கா. தெருவுல என்ன வேல அதுக்கு?”

“இப்பவே கூட்டிட்டுப் போறேன். நீங்க கிளம்புங்க.”

எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பேட்ஜ் இருக்கிறது, தொட முடியாது. கிளம்பிவிட்டோம்.

அக்கா ஓடிவந்த அவசரத்தில் வீட்டின் பின்கதவைக் கவனிக்கவில்லை. நாங்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே ராணி பின்சந்துக்குப் போய்விட்டது. அங்கே சுருக்குக் கம்போடு நின்றவர் என் கூட்டாளி மணியம். கழுத்தில் பட்டை இல்லாத நாய் எதிரில் வந்தால் அவர் என்ன செய்வார்? பிடித்து ஏற்றிவிட்டார். அது யார் வீட்டு நாய் என்று எனக்கும் தெரியாது.

நாய்களை அடைக்கும் இடத்தில் இறக்கும்போதுதான் பார்த்தேன். பழுப்பு நாயின் கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து பட்டை போட்ட தடம் தெரிந்தது. “உக்காரு” என்றேன், உட்கார்ந்தது. கையை நீட்டினேன், முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்தது.

“தெருநாய் ஷேக் ஹேண்ட் கொடுக்குமா பாஸ்?” என்று மணியம் கேட்டார். பாவம், அவருக்கு முகமே செத்துப்போய்விட்டது.

சாரதா அக்கா கிராப் டாக்ஸி பிடித்து அழுதுகொண்டே வந்தார். ராணியை விடுவிக்க பேட்ஜ் வேண்டும். பேட்ஜ் பிளாக்கியின் கழுத்தில்.

“அத கழட்டிட்டா பிளாக்கிய புடிச்சிருவீங்களே தம்பி.”

“அப்ப ரெண்டையும் நீங்களே வச்சிக்குங்க.”

“டெரஸ் வீட்டுக்கு ஒரு நாய்க்குத்தானே லைசென்ஸ் தராங்க?”

“மத்த வீட்டுலயும் ஆளுங்க இருக்காங்கதானே? அவுங்கள்ல ஒருத்தர் எடுக்கட்டும்.”

அக்கா திரும்பிப் போய், பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து ராணியைக் கூட்டிச் சென்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் பிளாக்கிக்காக எதையாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

3. வீடியோ

சேகர் மறுபடி ஃபோன் செய்தார். மறுபடி போனோம். இந்த முறை எல்லாரும் கேட்டுக்குள் நின்றுகொண்டு ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் லோரியை நிறுத்திவிட்டுச் சத்தமாகவே சொன்னேன்.

“யாராச்சும் ஒரு ஆளு இத உள்ள கூப்பிட்டு கட்டுங்க. லைசென்ஸ் எடுத்துருங்க. நான் லோரிய திருப்பிக்கிட்டுப் போயிடுறேன். சேகர், உங்களுக்கு ஓகேவா?”

“உள்ள கட்டிப் போட்டா எனக்கு என்ன அண்ணே பிரச்சன? ஓகேதான்” என்றார் சேகர்.

யாரும் அசையவில்லை. ஒருவருக்கு அல்லர்ஜி. ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். ஒரு பெண்மணி, “ஷெல்டர்ல விடலாமே அண்ணே?” என்றார். வருகிற வழியிலேயே ஷெல்டருக்கு ஃபோன் செய்து, இடமில்லை என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். நான் இருப்பது அடுக்குமாடி, நாய் வளர்க்க அனுமதி இல்லை. இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே அதைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

மணியம் கம்பை எடுத்தார். தேவைப்படவில்லை. “பிளாக்கி” என்று கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தெருவில் நீண்ட கைகளிலெல்லாம் சோறு இருந்தது. என் கையிலும் இருக்கும் என்று நம்பி மோந்து பார்த்தது. பிறகு தானே லோரியில் ஏறிக்கொண்டது. வீடியோவை இன்னொரு முறை பாருங்கள், நான் அதை இழுக்கவே இல்லை.

பிடித்த நாயை உடனே முடித்துவிடமாட்டார்கள். தேடி வருகிறவர்களுக்காகச் சில நாள் வைத்திருப்பார்கள். தினமும் காலையில் போனதும், அந்தத் தாமானிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கெடு முடிந்த நாள்வரை எவரும் வரவில்லை. ‘கொலைகாரன்’ என்று எழுத மட்டும் நேரம் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகப் போனேன். ஒரு கேட்டுக்கு வெளியே பேப்பரில் சோறு, தின்றுகொண்டிருந்தது ஒரு கறுப்புக் குட்டி. உள்ளே கார் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“யாரு நாய்மா இது?”

“தெருநாய் அங்கிள். பாவம், யாரும் இல்ல.”

“பேரு வச்சாச்சா?”

“பிளாக்கி” என்று சிரித்தாள்.

மோட்டாரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். குட்டியைத் தூக்கினேன், கேட்டைத் திறந்து அவள் கழுவிக்கொண்டிருந்த காருக்குப் பக்கத்தில் விட்டேன். பேப்பரோடு சோற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

“அங்கிள், என்ன பண்றீங்க?”

“பேரு வச்சிட்டா உங்க நாய்மா. லைசென்ஸ் எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு, கேட்டை வெளியிலிருந்து சாத்தினேன்.