பத்து விரல் அக்கா

பத்து விரல்களிலும் ஒவ்வொன்றாக நெட்டி முறித்த பிறகுதான் டைப்பிஸ்ட் அக்கா கீபோர்டைத் தொடுவாள். தொட்டுவிட்டால் அடைமழைதான். எதிரில் இருப்பவரோடு வம்பளந்துகொண்டே, கீழே குனியாமல் ஒரு முழுப் பக்கத்தை அடித்து முடிப்பாள். மேலாளரே வாய் பிளந்து நிற்பார்.

அதே அக்கா போனைக் கையில் எடுத்தால் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழும். அழித்து அழித்து அவள் ஒரு வரி எழுதுவதற்குள், குடும்பக் குழுவில் அண்ணனும் தம்பியும் தங்கையும் பேசி முடித்துக் கும்பிடும் போட்டிருப்பார்கள். கடைசியில் அக்காவின் 'சரி' மட்டும் போய்ச் சேரும்.

"பேசி அனுப்புங்களேன்க்கா" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"பேசினா அழுதுடுவேன் சார். டைப் அடிச்சா அழமாட்டேன்."

"அப்ப போனைக் கம்ப்யூட்டரோட இணைச்சுக்குங்க. அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. போன்ல வர்ற மெசேஜுக்கு கீபோர்டுலயே பதில் அடிக்கலாம்."

ஞாயிறு காலை அண்ணன் குழுவில் எழுதினான்: "அம்மா இனிமே மூணு மாசத்துக்கு ஒரு வீடு. பன்னெண்டு மணிக்குள்ள எல்லாரும் சரின்னு போடுங்க."

அம்மா தன்னோடே இருக்கவேண்டும் என்பது அக்காவின் எத்தனையோ நாள் ஆசை. வீட்டுக் கணினியில் அந்த சாஃப்ட்வேரை ஏற்றினாள். திரையில் தோன்றிய க்யூஆர் கட்டத்தைப் போனுக்குக் காட்டச் சொன்னது. இருவரையும் அறிமுகப்படுத்துகிறவள்போல, போனின் முகத்தைத் திரையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா முதுகில் இருப்பது கை வலித்த பிறகுதான் உறைத்தது.

"அட, என் புத்தியே!"

திருப்பிப் பிடித்தாள். இணைந்துவிட்டது. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். நெட்டி முறித்தாள்.

"அம்மா என்ன ஆபீஸ் ஃபைலா, மேஜை மேஜையா தள்ளிவிட? அவங்க முட்டிக்கு உங்க மாடிப்படி ஆகாது. என் வீட்ல படியே இல்ல. அவங்களையே கேட்டுட்டேன், என்கூட இருக்கத்தான் இஷ்டமாம்."

தம்பி "இல்லக்கா" என்று வாயெடுப்பதற்குள் ஆறு வரி வந்து விழுந்தது. அண்ணன் ஒரு காரணம் சொன்னால் இவள் நான்கு சொன்னாள்.

"அக்கா, நீதானா இது? யாரு அடிக்கிறா?" என்று கேட்டாள் தங்கை.

"என் பத்து வெரலும்தான்!"

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அண்ணனிடமிருந்து வந்தது: "சரிம்மா, நீ ஜெயிச்சுட்ட. நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்."

அக்கா நாற்காலியைவிட்டு ஒரு துள்ளு துள்ளினாள். பதில் அடிக்க உட்கார்ந்தவள், என்ன நினைத்தாளோ, கீபோர்டைத் தள்ளிவைத்தாள். போனை எடுத்து, குரல் பதிவுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.