குளவியின் இரண்டாவது கொட்டு

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மேகமே இல்லாத வானம், அந்த நேரத்துக்கே சுள்ளென்று வெயில். சின்னமனூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்தில், பழுத்த குலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டாவது குலையில் என் மனைவி கையை உதறினாள். மணிக்கட்டில் குளவி கொட்டியிருந்தது.

எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அன்று பதற்றமே வரவில்லை. எட்டு மாதங்களுக்கு முன்பும் இதே பந்தலில் அவளைக் குளவி கொட்டியது. கை வீங்கியது, சுண்ணாம்பு தடவினோம், இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நானோ முப்பத்தோரு வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ஒரு முறை பார்த்த எதிரியை உடம்பு மறக்காது, எதிர்ப்பொருளைச் செய்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சுலபமாகச் சமாளிக்கும் என்று தடுப்பூசிப் பாடத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

"போன தடவையே உடம்பு பழகிருச்சு. இந்தத் தடவை வீங்கக்கூடச் செய்யாது, பாரு" என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டேன்.

மூன்றாவது நிமிடம் உள்ளங்கை அரிக்கிறது என்றாள். ஐந்தாவது நிமிடம் கழுத்திலும் கையிலும் தடிப்புகள் எழும்பின. கொட்டாத இடத்தில் ஏன் தடிக்கிறது என்று புரியாமல், அவற்றை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை வந்துவிட்டேன்.

கொடி கட்ட வந்திருந்த அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சார், அக்கா மூச்சுக்குத் தவிக்கிறாக, நீங்க தடிப்ப எண்ணிக்கிட்டு நிக்கிறீக. அங்கன ரோட்டுல ஆட்டோ நிக்குது, ஓடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். மனைவியின் உதடு வீங்கியிருந்தது. "ஏங்க, தொண்டைய அடைக்குது" என்றாள். வேறு யாருடைய குரலோ போல் இருந்தது. அப்படியே சாய்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் நாடியைப் பிடித்து எண்ணப் பார்த்தேன். எண்ணுவதற்கு எதுவும் விரலுக்குக் கிடைக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, காலை உயர்த்திவைத்து, ஆக்சிஜன் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள்.

"போன தடவை ஒண்ணும் ஆகலையே டாக்டர்?" என்றேன்.

"அப்பத்தான் சார் இதுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கு. மொதல் கொட்டுல அவங்க உடம்பு ஐஜிஇ-ங்கிற எதிர்ப்பொருளைச் செஞ்சிருச்சு. அது மாஸ்ட் செல்கள்ங்கிற காவல் செல்கள் மேல போய் ஒட்டிக்கிட்டுக் காத்திருந்துச்சு. மறுபடி அதே விஷம் வரவும், எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டிருச்சு. பிரஷர் எறங்கி, தொண்டை வீங்கிருச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா ஆனவங்களுக்குச் சுண்ணாம்பு கேட்காது சார்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் நடத்திய பாடத்தின்படியே அவள் உடம்பு எதையும் மறக்கவில்லை. அந்த ஞாபகம்தான் அவளைக் கொல்லப் பார்த்தது.

"இத்தனை வருசம் நீங்க நடத்துனீக. இன்னைக்கு உக்காந்து கேளுங்க" என்றாள் அவள், மாஸ்க்குக்குள்ளிருந்து.

சில மணி நேரம் கழித்து அதே திணறல் திரும்ப வரக்கூடும் என்று ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்ததாக நம்பி நின்றவனுக்கு, மனைவி எவ்வளவு மலிவாகத் திரும்பக் கிடைத்தாள் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்: போக, வர ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய்.