கரிக்கடைக்காக நான் எழுதிய விண்ணப்பம்

மளிகைக் கடையில் சீரகம் வாங்க நின்றபோது செய்தி கிடைத்தது. "கரிக்கடை சவேரியம்மா போயிட்டாங்களாம். நேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார் கடைக்காரர், பொட்டலம் கட்டியபடியே. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலுள்ள நம் சந்தில் அவரிடம் கரி வாங்காத வீடு கிடையாது. அடக்கத்துக்கு நம்மில் ஒருவர்கூடப் போகவில்லை.

கால்வாய் ஓரத்தில் இருந்த அவருடைய தகரக் கொட்டகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முன்பக்கம் கரி மூட்டைகள், பின்பக்கம் ஒரு கட்டிலும் மாதா படமும். கணவர் இறந்த பின் அவருக்கு வீடும் பிழைப்பும் அதுதான். நான் புத்தகத்தோடு போனால், "இங்கிலீஷ்காரி வந்துட்டா, வழி விடுங்க லா!" என்று வாடிக்கையாளர்களை விலக்குவார்.

ஒருநாள் அரசாங்க அலுவலகக் கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். கொட்டகை ஒரு 'ஐசோர்', அகற்றப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு அது புதிய சொல். பள்ளி நூலக அகராதியில் தேடினேன்: பார்க்கச் சகிக்காத காட்சி. அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கும் கண்ணில் பட்டது. செய்தித்தாளில் கம்பங்களை, அந்தக் குடிசைக் குடியிருப்புகளை, அப்படி எழுதினார்கள். வகுப்பில் ஆசிரியை என் மேசையைப் பார்த்து அதையே சொன்னார்.

"பார்க்க நல்லா இல்லைன்னு போட்டிருக்காங்கக்கா."

"கரிக்கடை என்ன, கல்யாண வீடாட்டமா இருக்கும்? சனங்க பார்க்கவா வர்றாங்க? அடுப்பு எரியணும்னு வர்றாங்க."

சிரித்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் தகரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்திருந்தார். "இப்ப அந்தச் சொல்லு செல்லுமா பாப்பா?" என்று கேட்டார். இரண்டு நாளில் சுண்ணாம்பின் மேல் கரித்தூள் படிந்துவிட்டது.

பிறகு என்னையே விண்ணப்பம் எழுதச் சொன்னார். விண்ணப்பம் என்றால் முதலில் பணிந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அதன் பிறகே கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் மன்னிப்புக் கடிதம் அப்படித்தான் எழுதுவோம். புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தும் ஆசையும் இருந்தது. 'எங்கள் கொட்டகை ஓர் ஐசோர் என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இதே சந்தில் வேறு இடம் கிடைக்கும்வரை கருணை காட்ட வேண்டுகிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் அதன் அடியில் பெருவிரலை அழுத்தினார். மை தேவைப்படவில்லை.

பதில் மூன்றே வரி. கொட்டகை ஐசோர் என்பதை விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டுள்ளதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அதை இரண்டு முறை படித்தேன்.

"என்ன சொல்றாங்க?"

"முடியாதுன்னுட்டாங்கக்கா."

"ஏனாம்?"

"காரணம் போடல."

"நீ நல்லாத்தான் எழுதியிருப்ப. அவங்களுக்கு மனசில்ல, விடு" என்று என் முதுகைத் தட்டினார். வெள்ளைச் சட்டையில் விரல்கள் பதிந்தன. "இந்தா, காகிதத்தை நீயே வச்சுக்க. எனக்கா படிக்கத் தெரியும்?"

கொட்டகையைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அவருக்குக் குவீன்ஸ்டவுனில் ஏழாம் மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே கரி விற்க அனுமதி இல்லை. உண்மையைச் சொல்லிவிடத்தான் ஒருமுறை போனேன். கழுவிக் கழுவி வெளுத்த கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "எல்லாம் சுத்தமா இருக்கு பாப்பா. பேசத்தான் ஆளு இல்ல" என்றார். காப்பி குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன்.

இனி அவரிடம் சொல்ல முடியாது. ஆகவே அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஒப்புக்கொண்டதாக இருப்பது அவர் பெயர். ஆனால் சவேரியம்மா தம் கடையை ஒருநாளும் அசிங்கம் என்று சொன்னதில்லை. சொன்னவள் நான்.